குருவாகவா, மருமகளாகவா

ஸ்ரீவில்லிபுத்தூர்
11-6-2024

அன்புத் தம்பி ஞானாபரணத்துக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டுக்காரி தங்கபுஷ்பத்தையும் சுகத்தோடு வைத்திருக்கட்டும். எனக்கு மூட்டு வலி தவிர வேறு குறை இல்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் கட் பண்ணினாய். வாட்ஸப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். இங்கிருந்து ராஜபாளையம் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். உன் வாசலில் வந்து நின்று கத்தலாம். முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்தியவள் நான். தெருவுக்கு வேடிக்கை காட்ட மனமில்லாமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் எப்சிபா உங்கள் சபையில் முதன்முதலாக நற்கருணை ஆராதனை நடத்தினாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவள் அப்பத்தைக் கையில் எடுத்தாள். நீ எழுந்தாய். சபைச் செயலாளர், வாராவாரம் வேதபாடம் வாசிக்கிறவன், அவளுக்குத் தாய்மாமன். முன்வரிசையிலிருந்து நடுவழியே நிமிர்ந்து நடந்து வெளியே போனாய். உன் பின்னால் இருபத்துமூன்று பேர். எண்ணினேன். அவள் நிறுத்தவில்லை. ஜெபத்தில் ஒரு சொல்கூடத் தவறவில்லை.

அவளை இறையியல் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று சபை சார்பில் கையெழுத்துப் போட்டது யார்? நீ. அன்றைக்கு இனித்த மருமகள் இன்றைக்கு எதற்காகக் கசக்கிறாள்? எனக்குப் பதில் வேண்டும்.

இன்னும் கோபம் அடங்காத அக்கா,
சுகிர்தம்


ராஜபாளையம்
19-6-2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தங்கபுஷ்பத்துக்குக் கொஞ்ச நாளாக வயிற்றில் வலி, மாத்திரை சாப்பிடுகிறாள். நான் சுகம். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நான் எப்சிபாவை விட்டு எழுந்து போகவில்லை. பீடத்தில் நடந்த தவறை விட்டு எழுந்து போனேன். கையெழுத்துப் போட்டது உண்மை. அவள் படிக்கட்டும், வேதபாடம் சொல்லிக் கொடுக்கட்டும், பெண்கள் ஐக்கியத்தை நடத்தட்டும் என்று போட்டேன். குருப்பட்டம் வேறு. ஆண்டவர் பன்னிரண்டு ஆண்களைத் தெரிந்துகொண்டார். தம்முடைய தாயாரைக்கூட அதில் சேர்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேர் தலையில் கைவைத்துப் பட்டம் கொடுத்து, அவர்கள் கைவைத்தவர்கள் கைவைத்து, தலைமுறை தலைமுறையாக வந்த பட்டம் இது. ஆங்கிலிக்கன் சபை அதைக் காத்து வைத்திருந்தது. நாற்பத்தேழில் மற்ற மூன்று சபைகளோடு ஒரே திருச்சபையாகக் கலந்தோம். அன்றைக்கே கட்டு தளர்ந்தது. பெண்களுக்குப் பட்டம் கொடுத்து அறுத்தே விட்டார்கள். இதற்காகவும் இது போன்ற வேறு காரியங்களுக்காகவும் உலகம் முழுக்க ஆங்கிலிக்கன் சபைகள் உடைந்துகொண்டிருக்கின்றன. நான் ஒருவன் கிளப்பிய சண்டை அல்ல.

அவள் எடுத்துக் கொடுப்பது நற்கருணை ஆகாது. அவள் கையில் அது வெறும் அப்பம். எனக்கு அவள் மேல் பாசம் இருப்பதால் இது மாறிவிடாது.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். வருகிற ஞாயிறு முதல் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடி ஹாலில் பழைய முறைப்படி ஆராதனை. இந்தக் கலப்பில் சேராத ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர் எங்களுக்கு ஒரு குருவை அனுப்புகிறார்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஞானாபரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24-6-2024

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். தங்கபுஷ்பத்தை நல்ல டாக்டரிடம் காட்டு.

வெறும் அப்பம் என்று எழுதியிருக்கிறாய். கீழ்ப்படிதலுள்ள தம்பி என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே பேனாவால் எப்படி எழுதினாய்?

எனக்கும் வேதம் தெரியும். உயிர்த்தெழுந்த அன்று விடியற்காலையில் கல்லறைக்கு முதலில் போனது யார்? பெண்கள். உன் பன்னிரண்டு பேர் எங்கே இருந்தார்கள்? பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர் எழுந்துவிட்டார் என்ற செய்தியையே ஒரு பெண்ணிடம் சொல்லித்தான் அனுப்பினார். அந்தச் செய்தி வராவிட்டால் உன் பட்டம் எங்கே, பரம்பரை எங்கே?

நம் திருச்சபையில் பெண்கள் குருவாகி ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. அதில் முப்பது வருஷம் நீ கமிட்டியில் இருந்தாய். வாய் திறந்தாயா? வேறு ஊரில் யார் மகளோ பீடத்தில் நின்றபோது உனக்கு எதுவும் அறுந்து விழவில்லை.

நானே சொல்லிவிடுகிறேன். எப்சிபா குருத்துவத் தேர்வுக்குப் போன அதே வருஷம் உன் மகன் காசிராஜனும் போனான். அவனைத் திருப்பி அனுப்பினார்கள், இவளை எடுத்துக்கொண்டார்கள். உனக்கு எரிவது அங்கேதான். அதற்கு அப்போஸ்தலர்களைச் சாட்சிக்கு இழுக்காதே.

சுகிர்தம்


ராஜபாளையம்
5-9-2024

சுகிர்தம் டீச்சர் அவர்களுக்கு,

அக்கா என்று எழுத இரண்டரை மாதமாகக் கை வரவில்லை. என் மகன் சிங்கப்பூரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிறான். இனி அவன் பெயரை எடுக்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் ஹாலில் இப்போது நாற்பத்தொரு குடும்பங்கள். போன வாரம் அத்தனை வீட்டுக்கும் பழைய சபையிலிருந்து நோட்டீஸ் வந்தது. பிரிந்து போனவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இனி உரிமை கிடையாதாம். நம் அப்பாவும் அம்மாவும் அங்கே கிடக்கிறார்கள். எனக்கு இடமில்லையாம். அடியில், சபைக் குருவுக்கே உரிய சேகரத் தலைவர் பதவியைப் போட்டு ஒரு கையெழுத்து. எப்சிபாவின் கையெழுத்து. அவள் எழுதப் பழகிய காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த கையெழுத்து.

நான் ஆராதனையை விட்டுத்தான் எழுந்து போனேன். அவள் என்னைச் செத்த பிறகும் துரத்துகிறாள். இதுதானா உங்கள் கல்லறைக்குப் போன பெண்கள் கற்றுக்கொடுத்தது?

ஞானாபரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10-9-2024

தம்பிக்கு,

நீ என்னை டீச்சர் என்றாலும் நான் தம்பி என்றுதான் எழுதுவேன். நோட்டீஸ் விஷயம் எனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த அன்றே பஸ் ஏறிப் போய் அவள் முன்னால் நின்றேன்.

“ஏட்டி, இது உன் கையெழுத்தா?”

“ஆமாம்மா. கமிட்டி தீர்மானம். தலைவர்ங்கிற முறையில நான்தான் போடணும்.”

“மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். பதினோரு பேருல ஒன்பது பேரு மாமா மேல அம்புட்டு கோவத்துல இருக்காவ. நான் போடலன்னா, சொந்தக்காரனுக்கு வளைஞ்சி குடுத்துட்டா, பொம்பளய வச்சா இப்படித்தான்னு சொல்லுவாவ. போட்டா மாமா ஏசுதாவ. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி எனக்குத்தாம்மா.”

“அதுக்காக செத்தவியள வெளிய நிறுத்துவியா?”

அவள் காபி போட எழுந்து போனாள். நான் அதைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அந்தக் கையெழுத்து தப்பு. என் மகள் செய்தாலும் தப்பு. உன் மகனைப் பற்றி நான் எழுதியதும் தப்பு. போதுமா?

நீ இந்தத் தடவை தங்கபுஷ்பத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன்?

அக்கா


ராஜபாளையம்
25-9-2024

பாசமுள்ள மதினிக்கு,

தங்கபுஷ்பம் எழுதிக்கொள்வது. உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? நான் படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

நீங்கள் கேட்டிருந்ததை நான் வாசித்தேன். உங்கள் தம்பி பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். எனக்கு வந்திருப்பது புற்றுநோய், மதினி. கர்ப்பப்பையில் தொடங்கி ஈரல் வரைக்கும் போய்விட்டதாம். வியாழன்தோறும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். காசிராஜனுக்குக்கூட முழுசாகச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் உறுதியாகிவிடும் என்று பயம் போல. கஞ்சி வடித்துக் கொடுப்பதும் என் துணியைத் துவைப்பதும் உங்கள் தம்பிதான். என்னிடம் ஒரு கடுஞ்சொல் கிடையாது. கோபமெல்லாம் வெளியே இருக்கிறவர்கள் மேல்தான். நீங்களும் அதில் ஒரு பங்கு வாங்கிக்கொள்கிறீர்கள்.

என்னால் அந்த மாடிப்படி ஏற முடியவில்லை. அவர்களுடைய குரு வெளியூரிலிருந்து வந்து ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார். நற்கருணை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஹாலில் ஆராதனை பதினோரு மணிக்கு. உங்கள் தம்பி போன பிறகு எப்சிபாவை வரச் சொல்லுங்கள். பழைய ஜெபமுறையே வாசிக்கச் சொல்லுங்கள், அதுதான் எனக்கு மனப்பாடம்.

இதற்குப் பதில் போட வேண்டாம். தபாலை வாங்குவது உங்கள் தம்பி. பக்கத்து வீட்டு நாச்சியார் இதைப் பெட்டியில் சேர்த்துவிடுவாள்.

தங்கபுஷ்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21-10-2024

அன்புத் தம்பிக்கு,

நலம். மழை நன்றாகப் பெய்கிறது. மம்சாபுரம் பக்கம் நடவு தொடங்கிவிட்டது. தங்கபுஷ்பத்தைக் கேட்டதாகச் சொல். அவளுக்குப் பிடிக்குமே என்று கொஞ்சம் பால்கோவா அனுப்பியிருக்கிறேன். சாப்பிட முடிந்தால் சாப்பிடட்டும்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ராஜபாளையம்
2-12-2024

அக்காவுக்கு,

வேறு விசேஷம் இல்லை என்று எழுதினீர்கள். சாப்பிட முடிந்தால் என்று எழுதினீர்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நேற்று ஹாலில் ஆராதனை பாதியில் நின்றது. எங்களுக்குக் குருவை அனுப்பிய பேராயருடைய பட்டமே செல்லாது என்று இன்னொரு பேராயர் அறிக்கை விட்டிருக்கிறார். அவரும் ஆங்கிலிக்கன், இவரும் ஆங்கிலிக்கன். அதை ஒருவன் எழுந்து வாசித்தான். பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். நற்கருணைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டே சட்டையைப் பிடித்தார்கள். நான் இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் எப்சிபாவின் ஸ்கூட்டர். உள்ளே அவள் குரல். நான் தேடி அலைகிற அதே பழைய ஜெபம், ஒரு சொல் மாறாமல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தங்கபுஷ்பத்தால் கையை நீட்ட முடியவில்லை. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவள் விழுங்கும் வரை நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

“யாரக் கேட்டு வந்த?”

“அத்தை கூப்பிட்டாவ, மாமா.”

“இது என் வீடு.”

தங்கபுஷ்பம் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “யாரு கைன்னு பாத்துக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல. சண்டைய ரெண்டு பேரும் வெளிய போய்ப் போடுங்க.”

ஒன்பது ஞாயிறாக வருகிறாளாம். என் வீட்டில், எனக்குத் தெரியாமல், உங்களுக்குத் தெரிந்து. இனி வர வேண்டாம் என்று எப்சிபாவிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன்.

ஞானாபரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6-12-2024

தம்பிக்கு,

ஆமாம், எனக்குத் தெரியும். ஒன்பது ஞாயிறும் தெரியும். நீ எத்தனை வியாழக்கிழமையை எனக்கு மறைத்தாய்? என் தம்பி மனைவி சாகக் கிடக்கிறாள் என்று அவளே எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

சாகப் போகிறவள் கேட்டதைக் கொடுக்கக்கூடாது என்று எந்தப் பேராயர் சொன்னார்? அந்தப் பக்கத்துக்காரரா, இந்தப் பக்கத்துக்காரரா?

எப்சிபாவைத் தடுத்தாயானால் நான் வந்து உன் வாசலில் உட்காருவேன். தெரு வேடிக்கை பார்க்கட்டும்.

சுகிர்தம்


ராஜபாளையம்
1-2-2025

அக்காவுக்கு,

தங்கபுஷ்பத்தை அடக்கம் செய்து எட்டு நாள் ஆகிறது. காசிராஜன் நேற்று சிங்கப்பூருக்குத் திரும்பினான்.

உங்கள் டிசம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் பதினோரு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். ஹாலுக்குப் போகவில்லை, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். அதை உங்களுக்கு எழுதினால் நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று எழுதவில்லை.

அடக்கத்தன்று நீங்கள் காலை ஊன்ற முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள். கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் நடந்ததை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்களாம். நடந்தது இதுதான்.

நாலு மணிக்குப் பெட்டியோடு போனோம். கேட் பூட்டியிருந்தது. கமிட்டிப் பொருளாளர் வைகுண்டராஜ் சாவியோடு நின்றான். “பிரிஞ்சி போனவியளுக்கு இடமில்ல. தீர்மானம் இருக்கு” என்றான். எங்கள் ஹால் குருவுக்குப் போன் போட்டேன். கலப்புச் சபையின் கல்லறைக்குள் வர மாட்டாராம். அதோடு, “அந்த அம்மா பொம்பள கையில நற்கருணை வாங்கினவங்களாமே” என்றார். போனை வைத்துவிட்டேன். பெட்டி வெயிலில், ரோட்டில் இருந்தது, அக்கா. நான் கல்யாணம் செய்து கூட்டி வந்தவள்.

எப்சிபா ஸ்கூட்டரில் வந்தாள். “சாவியக் குடுங்க” என்றாள்.

“தீர்மானத்துல உங்க கையெழுத்தும் இருக்கு” என்றான் வைகுண்டராஜ்.

“போட்டது தப்பு. குடுங்க.” அவன் கையிலிருந்து பறித்துத் திறந்தாள்.

நான் அவளிடம் போனேன். “அடக்க ஜெபம் வாசிக்கப் பட்டம் தேவையில்ல. வீட்டுப் புள்ளையா நின்னு நீயே வாசி” என்றேன். எனக்கு அது சரியான வழியாகப்பட்டது. கொள்கையும் கெடாது, காரியமும் நடக்கும்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “மாமா, அத்தைகிட்ட நான் ஒவ்வொரு வாரமும் குருவாத்தான் வந்தேன். இப்பவும் வந்தா குருவாத்தான் வருவேன். வீட்டுப் புள்ளதான் வேணும்னா அந்தா கூட்டத்தோட நின்னு அழுதுட்டுப் போறேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெட்டியைக் கீழே வைத்திருக்கிற நேரத்தில் என்னிடம் வழக்குப் பேசுகிறாள். பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு, “போ, அங்கி போட்டுக்கிட்டு வா” என்றேன்.

அவள் அங்கி அணிந்து பெட்டிக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

இப்போது வைகுண்டராஜ், பிரிந்து போனவளைத் தீர்மானத்தை மீறிக் குருவாக நின்று எப்சிபா அடக்கம் செய்தாள் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதியிருக்கிறான். பதினைந்தாம் தேதி, பழைய சபையின் தலைமையான திருமண்டல அலுவலகத்தில் விசாரணை. சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஞானாபரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-2-2025

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் தனியாக என்ன சாப்பிடுகிறாயோ. இங்கே வந்து இரு என்றால் வர மாட்டாய்.

எப்சிபாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். கமிட்டியில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அன்று அவள் குருவாக ஆராதனை நடத்தவில்லை, துக்க வீட்டுப் பிள்ளையாக ஜெபம் வாசித்தாள் என்று நீ சொல்லிவிட்டால் புகார் நிற்காதாம். அவளே அப்படி எழுதிக் கொடுக்கட்டும் என்று முதலில் கேட்டிருக்கிறார்கள். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாளாம். நீ சொல்லாவிட்டால் அவளை எங்கேயாவது மலையடிவாரத்துக்கு மாற்றிவிடுவார்கள். எட்டு மணி நேரப் பயணம். என் காலை வைத்துக்கொண்டு நான் எப்படிப் போவேன்?

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவள் குரு இல்லை என்று எட்டு மாதமாக எனக்கு எழுதினாயே. நீ நம்புவதைத்தானே சொல்லச் சொல்கிறேன். அதே வார்த்தையை விசாரிக்கப் போகிற மூன்று பேர் முன்னால் ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. வேறு எதையும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

அக்கா


ராஜபாளையம்
17-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். காலையில் சோறு வைத்துவிடுகிறேன், இரண்டு வேளைக்கு ஆகிறது.

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் விசாரணைக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எப்சிபா எதிர்ப்பக்கம் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“நீங்க நம்ம சபையா?”

“இல்ல.”

“அப்ப அந்த மாடி ஹால் சபையா?”

“இப்ப அதுவும் இல்ல.”

“அன்னைக்கு அவங்க உங்க மருமகள்ங்கிற முறையில ஜெபம் வாசிச்சிட்டுப் போனாங்க. அப்படித்தானே? அப்படின்னா இதப் பெருசாக்க வேண்டாம்னு நினைக்கிறோம்.”

அவர்களே பதிலையும் கையில் கொடுத்துவிட்டார்கள். தலையை ஆட்டினால் போதும். நான் சொன்னேன்: “மருமகளா வான்னுதான் மொதல்ல கூப்பிட்டேன். அவிய வர மாட்டேன்னுட்டாவ. பொறவு குருவா வரச் சொன்னேன். வந்தாவ. குருவா நின்னுதான் என் மனைவிய அடக்கம் பண்ணினாவ.”

“நீங்க பெண் குருமாரை ஏத்துக்கிடாதவராச்சே?”

“இப்பவும் ஏத்துக்கிடல. அது என் விசுவாசம். நீங்க என்ன நடந்ததுன்னு கேட்டிய, நடந்ததச் சொன்னேன்.”

ஒரு வருஷத்துக்கு அவளை மாற்றிவிட்டார்கள். நீங்கள் பயந்த அதே தூரம். அவளை இங்கேயே நிறுத்தி வைக்க என்னால் முடிந்திருக்கும். செய்யவில்லை. இதற்காக நீங்கள் என்னோடு ஆயுசுக்கும் பேசாமல் இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிக் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். கிருஷ்ணன்கோவில் வரை அவள் முன்பக்கம் நின்றாள், நான் பின்சீட்டில் இருந்தேன். அங்கே காலேஜ் பிள்ளைகள் ஏறி, கூட்டத்தில் அவள் என் சீட்டுப் பக்கம் தள்ளப்பட்டு வந்து நின்றாள்.

“மாமா, உங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல.”

“எனக்கும் உன் மேல போகல” என்றேன்.

எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்துகொண்டாள்.

வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தங்கியிருக்கிற குருமனையிலிருந்து சாமான் ஏற்றுகிறார்கள். அவளுடைய புத்தகப் பெட்டிகள் கனம், நான் போகிறேன். நீங்களும் ஆட்டோ வைத்தாவது வந்து சேருங்கள். என்னோடு பேச வேண்டியதில்லை.

தம்பி